இதயமே இல்லாம தண்ணி இறைக்கிற கடற்பஞ்சு

1820கள்ல எடின்பர்க்ல ராபர்ட் கிராண்ட்னு ஒரு டாக்டர், கடல்ல எடுத்த சின்ன கடற்பஞ்சுத் துண்டை ஒரு கண்ணாடித் தட்டுல கடல்தண்ணியோட போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தார். அதோட ஓட்டையில இருந்து தண்ணி ஊத்து மாதிரி பீறிட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. அது செடியா விலங்கான்னு அதுவரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்த காலம் அது (பின்னாடி ஸ்டூடண்டா இருந்த டார்வின் கடற்கரைல சுத்தினது இதே கிராண்ட்கூடத்தான்). விலங்குதான், சந்தேகமே இல்ல.

ஆனா தண்ணி ஓடணும்னா பம்ப் வேணுமே? கடற்பஞ்சுக்கு இதயம் கிடையாது, தசை, நரம்பு, வாய், வயிறு எதுவும் கிடையாது. உடம்பு முழுக்க பொடிப்பொடி துளை, அது வழியா தண்ணி உள்ள போகுது, உள்ள கால்வாய் கால்வாயா கிளை பிரிஞ்சு போய் குட்டிக் குட்டி அறைகள்ல சேருது, அந்த அறைச் சுவர் பூரா காலர் செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் சாட்டை மாதிரி ஒரே ஒரு வால், அதைச் சுத்தி சல்லடை மாதிரி ஒரு காலர். வால் அடிக்க அடிக்க தண்ணி காலர் வழியா இழுபடும், பாக்டீரியா மாதிரி பொடிசுங்க அதுல மாட்டும், செல் அதை அப்படியே முழுங்கிரும். மிச்சத்தை பக்கத்துல ஊர்ந்து திரியுற இன்னொரு வகை செல் வாங்கிட்டுப் போய் மத்ததுக்குக் குடுக்கும். சாட்டை எல்லாம் ஒரே தாளத்துல அடிக்கறதும் இல்லங்க, அதது பாட்டுக்கு அடிக்குது, அப்படியும் தண்ணி ஒரே திசையில ஓடுது!

அந்த அமைப்புலதான் விஷயமே இருக்கு. ஏரியில தண்ணி அசையுறதே தெரியாது, அதே தண்ணி மதகுல பாய்ஞ்சு வரும்ல, அந்தக் கணக்குதான் இங்கயும். அறைகள் லட்சக்கணக்குல இருக்கறதால எல்லாத்தோட பரப்பையும் கூட்டினா ரொம்பப் பெருசு, அதனால அங்க தண்ணி மெதுவாகிடும், சாப்பாட்டைப் பிடிக்க நேரம் கிடைக்கும். வெளிய போற ஓட்டை குறுகல், அதனால கழிவுத் தண்ணி வேகமா தூரமா போய் விழும், திரும்ப உள்ள வராது. 10 செ.மீ. உயரம், 1 செ.மீ. தடிமன்ல லியூகோனியான்னு ஒண்ணு இருக்கு, அதுல 20 லட்சத்துக்கு மேல அறை, ஒரு நாளைக்கு சுமார் 22 லிட்டர் வடிகட்டும்னு கணக்குப் போட்டிருக்காங்க. வீட்டுக்கு வர்ற வாட்டர் கேனை விட ஜாஸ்தி!

இவ்வளவு வடிகட்டினா அடைச்சுக்காதான்னு கேப்பீங்க. அடைக்கும். 2022ல வந்த ஒரு ஆராய்ச்சியில கரீபியன் கடல்ல குழாய் மாதிரி வளர்ற ஒரு கடற்பஞ்சை நாள் கணக்குல வீடியோ எடுத்தாங்க. அழுக்கைச் சளியில சுத்தி, தண்ணி உள்ள வர்ற அதே துளை வழியா, ஓட்டத்துக்கு எதிரா மெதுவா வெளிய தள்ளுது, மேல கட்டியா சேர்ந்ததும் உடம்பைச் சுருக்கி உதறிடுது. தும்மல்னுதான் அதுக்குப் பேரு வச்சிருக்காங்க, ஒரு தும்மலுக்கு 20ல இருந்து 50 நிமிஷம் ஆகும். அந்தச் சளியைத் தின்ன சின்ன ஜீவன்கள் வேற காத்துக்கிட்டு இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1907ல நடந்தது. அமெரிக்காவுல வில்சன்னு ஒரு விஞ்ஞானி உயிரோட இருந்த கடற்பஞ்சை மெல்லிசான பட்டுத் துணியில வச்சுப் பிழிஞ்சார், செல் செல்லா பிரிஞ்சு தண்ணியில கலங்கலா விழுந்துச்சு. வேற விலங்கா இருந்தா பெரும்பாலும் அதோட கதை முடிஞ்சிருக்கும். இங்க செல்கள் ஊர்ந்து போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, உருண்டையாச்சு, உருண்டை தரையில பரவுச்சு, கொஞ்ச நாள் போனதும் உள்ள கால்வாய் வந்துச்சு, அறை வந்துச்சு, வெளிய தண்ணி விடுற ஓட்டையும் திறந்துச்சு.