“நான் மெதுவாத்தான் அடிச்சேன்!”: விளையாட்டு வினையாகும் கணக்கு

எங்கள் வீட்டில் மூன்று பையன்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, நடுவிலவனுக்கு ஏழு, கடைக்குட்டிக்கு நான்கு. சாயங்காலம் ஆனால் போதும், யாரும் சொல்லாமலே மெத்தை கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கிவிடும். அடுத்த அரை மணி நேரம் அந்த அறையிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவேன். தொப்பென்று விழுகிற சத்தம், மூச்சிரைப்பு, கெக்கெக்கென்ற சிரிப்பு, “இரு இரு, நான் இன்னும் ரெடியாகலை” என்ற கூச்சல், இதெல்லாம் இருக்கும்வரை கவலையில்லை. சிரிப்பு நின்றால்தான் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பேன். சில விநாடிகளில் ஓர் அழுகை கிளம்பும். அப்புறம் தினமும் கேட்கும் அதே வழக்கு. “அவன்தான் ஓங்கி அடிச்சான்.” “இல்லை, நான் மெதுவாத்தான் அடிச்சேன். அவன்தான் பலமா குத்தினான்.”

இருவரில் ஒருவன் பொய் சொல்கிறான் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மூளையை ஆராய்கிறவர்கள் வேறு பதில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இருவருமே தங்கள் உடம்பு உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், மெத்தையில் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டிப்புரண்டு விளையாடுவதும் சண்டை போடுவதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டையும் முதலில் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர்களில் ஒருவர் நிக்கோலஸ் பிளர்ட்டன் ஜோன்ஸ். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கனின் மாணவர். பறவைகளைக் கவனித்துப் பழகிய அதே முறையில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்தார். “முரடு”, “கோபம்” என்றெல்லாம் முன்கூட்டியே பெயர் வைக்காமல் புருவம் என்ன செய்கிறது, வாய் எப்படி இருக்கிறது, கை விரிந்திருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டார். 1967இல் வெளியான அவருடைய ஆய்வில் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் தெரிந்தன. ஓடுவது, துரத்துவது, குதிப்பது, மல்லுக்கட்டுவது, சிரிப்பு, விரித்த கையால் அடிக்க ஓங்குவது எல்லாம் ஒன்றாக வந்தன. முறைப்பு, சுருங்கிய புருவம், நிஜமான அடி எல்லாம் வேறொரு கூட்டமாக வந்தன. இந்த இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருளுக்காக நடந்தது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். விளையாட்டு முடிந்தால் மூவரும் அதே மெத்தையில் குப்புற விழுந்து மூச்சு வாங்குவார்கள். சண்டை முடிந்தால் ஆளுக்கொரு மூலை. விளையாட்டில் துரத்துகிறவன் சற்று நேரத்தில் துரத்தப்படுகிறவனாக மாறுவான். சண்டையில் யாரும் இடம் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். முகத்தைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். வாய் தளர்ந்து திறந்திருந்தால் விளையாட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் எதிராளியையே பார்த்தால் போய் நிற்க வேண்டிய நேரம்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெரியவனும் கடைக்குட்டியும் மோதும்போது பெரியவனின் கால்களைக் கவனியுங்கள். முட்டி போட்டுக்கொள்வான். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான். சின்னவன் ஓடிவந்து முட்டுவான். அவன் தலை நெஞ்சில் படுவதற்கு ஒரு நொடி முன்பே பெரியவன் மல்லாந்து விழுந்துவிடுவான். “ஐயோ, என்னைத் தள்ளிட்டான்!” யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வலுவுள்ளவன் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும் இந்த வழக்கம் நாய், குரங்கு, எலி என்று பல விலங்குகளிலும் உண்டு.

எலிகளிடம் இதை ஆழமாகப் பார்த்தவர் யாக் பாங்க்செப், எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த நரம்பியல் விஞ்ஞானி. குட்டி எலிகள் விளையாடும்போது ஒன்றின் பிடரியை இன்னொன்று மூக்கால் தொடப் பார்க்கும். நிஜச் சண்டையில் கடி பெரும்பாலும் முதுகிலும் பின்புறத்திலும் விழும். இலக்கே வேறு. பெரிய எலி எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் சின்ன எலி விளையாடக் கூப்பிடுவதை நிறுத்திவிடும் என்று அவர் கவனித்தார். பத்து ஆட்டத்தில் குறைந்தது மூன்றிலாவது சின்னது ஜெயிக்க வேண்டும் என்பது அவர் கண்ட தோராயக் கணக்கு. விட்டுக்கொடுப்பது பெரியவனின் நல்ல மனசு என்று நாம் பாராட்டுகிறோம். பாராட்டலாம்தான். ஆனால் அவனுக்கும் அதில் ஆதாயம் இருக்கிறது. விட்டுக்கொடுக்காவிட்டால் நாளைக்கு விளையாட ஆள் கிடைக்காது.

அந்த எலிகள் விளையாடும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுகின்றன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் அதைக் கேட்கத் தனிக் கருவி தேவைப்பட்டது. 1990களின் பின்பகுதியில் பாங்க்செப் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். அதே கீச்சு இன்னும் அதிகமாக வந்தது. எலிகள் அவர் கையைத் தேடி ஓடிவந்தன. நம் பிள்ளைகளின் சிரிப்பைப் போலவே அந்தக் கீச்சும் “இது விளையாட்டுத்தான்” என்று சொல்லும் அறிவிப்பாக வேலை செய்கிறது.

இந்த விருப்பம் மூளையில் எங்கே இருக்கிறது? ஆழத்தில். பெருமூளையின் மேலடுக்கைப் பிறந்தவுடனேயே நீக்கிவிட்ட எலிக் குட்டிகளும் வளர்ந்து விளையாடத்தான் செய்தன. 2023இல் பெர்லினில் மைக்கேல் பிரெக்ட்டின் குழு, நடுமூளையில் உள்ள ஒரு சாம்பல் நிறப் பகுதியின் பக்கவாட்டு நரம்பணுக்கள் விளையாட்டின்போதும் கிச்சுகிச்சின்போதும் சுறுசுறுப்பாவதைக் காட்டியது. அந்தப் பகுதியின் வேலையைத் தடுத்தால் விளையாட்டும் குறைந்தது. தாகம் எடுப்பது போல, தூக்கம் வருவது போல, விளையாடத் தோன்றுவதும் உடம்போடு வந்த தேவை. “சும்மா உட்காரேன்டா” என்று நாம் கெஞ்சுவது அந்த நடுமூளைக்குக் கேட்பதில்லை.

மேலடுக்கு செய்வது வேறு வேலை. யாரோடு விளையாடுகிறோம், எவ்வளவு அழுத்தலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அளவு பார்ப்பது அதன் பொறுப்பு. கனடாவின் செர்ஜியோ பெல்லிஸும் அவரோடு வேலை செய்தவர்களும் இதிலும் ஒரு விஷயம் கண்டார்கள். சம வயது எலிகளோடு விளையாடி வளர்ந்த குட்டிகளின் மூளை முன்பகுதியில் நரம்பணுக் கிளைகள் வேறு விதமாகச் செதுக்கப்பட்டிருந்தன. விளையாட்டே இல்லாமல் வளர்ந்த எலிகள், தெரியாமல் பட்ட தொடுதலுக்கும் பெரிய ஆபத்து வந்தது போலத் துள்ளின. மனிதப் பிள்ளைகளில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதி முழுதாக முதிர்ந்து முடிய இருபது வயதும் தாண்டும். நான்கு வயதுக்காரன் “நிறுத்து” என்றவுடன் நிற்காததற்கு அடம் மட்டும் காரணமில்லை. அவனுடைய பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு வயதில் பையன்களுக்கு ஆண் ஹார்மோன் பொங்கிவிடுகிறது, அதனால்தான் இந்த ஆட்டம் என்று பெற்றோருக்கான அறிவுரைகளில் அடிக்கடி வருகிறது. அது தவறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோன், குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் உயர்ந்து அடங்கிவிடும். அதன் பிறகு பருவ வயது வரை மிகக் குறைவாகவே இருக்கும். பையன்கள் சராசரியாகக் கூடுதலாக மல்லுக்கட்டுவது உண்மைதான். அதில் கருவிலிருக்கும்போதே அந்த ஹார்மோன் செய்துவிட்டுப் போன வேலைக்குப் பங்கு உண்டு. கருவில் அது கூடுதலாகக் கிடைத்த பெண் குரங்குக் குட்டிகளும் ஆண் குட்டிகளைப் போல முரட்டு விளையாட்டு விளையாடியதை 1960களிலேயே பார்த்துவிட்டார்கள். கட்டிப்புரள ஆசைப்படும் பெண் பிள்ளைகளும் நிறைய உண்டு, ஒதுங்கி உட்காரும் பையன்களும் உண்டு.

சரி, வழக்குக்கு வருவோம். முகத்தில் சிரிப்பு இருக்கிறது, பெரியவன் விட்டுக்கொடுக்கிறான், மூவருக்கும் விளையாடத்தான் ஆசை. பிறகு ஏன் அழுகையில் முடிகிறது?

2003இல் லண்டனில் சுக்விந்தர் ஷெர்கில், டேனியல் வோல்பர்ட் முதலானோர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பெரியவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் விரலை மற்றவர் ஒரு கருவி வழியாக அழுத்தச் சொன்னார்கள். இருவருக்கும் கொடுத்த கட்டளை ஒன்றுதான்: உனக்கு எவ்வளவு அழுத்தம் கிடைத்ததோ அதே அளவு திருப்பிக் கொடு. மற்றவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இருவரும் நேர்மையாகத்தான் செய்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 விழுக்காடு ஏறியது. 38 விழுக்காடு என்றால், ஐந்து முறை கைமாறினால் ஐந்து மடங்கு. யாரும் கோபப்படவில்லை, யாரும் அழுகுணி ஆட்டம் ஆடவில்லை. கணக்கு தானாக ஏறிவிட்டது.

காரணம், நம் மூளை தன் கையால் தரும் அழுத்தத்தைக் குறைத்து உணர்கிறது. கைக்கு “அழுத்து” என்று கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று மூளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதை வைத்து, “இப்போது இப்படி ஓர் உணர்ச்சி வரப்போகிறது” என்று மூளை முன்கூட்டியே கணிக்கும். கணித்தபடி வரும் உணர்ச்சியைத் தணித்துவிடும். வெளியிலிருந்து வருவதற்கு அந்தத் தணிப்பு இல்லை. முழு அளவில் வந்து சேரும். வெளியுலகம் தொடுவதைத் தெளிவாகப் பிரித்து உணர இந்த ஏற்பாடு நமக்குத் தேவை. ஆனால் ஒருவருக்கொருவர் மாறி மாறி அடித்து விளையாடும் இடத்தில் இதுவே வினையாகிறது. அதே ஆட்கள், விரலுக்குப் பதிலாக ஒரு குமிழை நகர்த்தி இயந்திரத்தின் மூலம் அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஏறத்தாழ சரியான அளவு கொடுத்தார்கள். தன் கையின் அழுத்தம்தான் அவர்களை ஏமாற்றியது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதே காரணத்தால்தான். 1990களின் கடைசியில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் அவர் குழுவும், தன் கையை அசைத்தால் ஓர் இயந்திரக் கை உள்ளங்கையை வருடும்படி ஏற்பாடு செய்தார்கள். உடனே வருடினால் கூச்சம் குறைவு. 0.2 விநாடி போல் தாமதித்து வருடினால் கூச்சம் கூடியது, தன் கையே அசைத்தாலும்கூட. கணிப்புக்கும் தொடுதலுக்கும் இடையே இடைவெளி விழுந்ததும் மூளை அதை அயலான் தொட்டதாக எடுத்துக்கொண்டது. இந்தக் கணிப்பில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. ஆக, அண்ணன் விலாவில் கைவைத்தால் கடைக்குட்டி உருண்டு உருண்டு சிரிப்பதற்கும், பத்து நிமிடம் கழித்து “நான் மெதுவாத்தான் அடிச்சேன்” என்று அழுவதற்கும் மூளையில் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது.

அப்படியென்றால் எல்லா விளையாட்டும் அடிதடியில்தானே முடிய வேண்டும்? முடிவதில்லை. பெரும்பாலான ஆட்டம் சிரிப்பில்தான் முடிகிறது. இங்கேதான் பெரியவன் முன்கூட்டியே விழுவதும், துரத்துகிறவன் மாறுவதும், நடுநடுவே நின்று முகம் பார்ப்பதும் உதவுகின்றன என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டிருந்த எண் கீழே இறங்கிவிடுகிறது. அசதியாக இருக்கிற நாள், பசியோடு இருக்கிற நாள், இடைவெளியே விடாமல் பதிலுக்குப் பதில் அடிக்கிற நாள், அன்றைக்குத்தான் ஏறியது இறங்காமல் போகிறது.

அதனால் “யார் முதல்ல அடிச்சது?” என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இரண்டு இருக்கின்றன. சிரிப்பு நின்றதும் போய் நிற்பேன், தண்ணீர் குடிக்கச் சொல்வேன், ஆளை மாற்றுவேன். அதட்டுவதைக் குறைத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாங்க்செப் ஒருமுறை எலிகள் விளையாடும் கூண்டுக்குள் கொஞ்சம் பூனை முடியை வைத்தார். விளையாட்டு அப்படியே நின்றது. முடியை எடுத்த பிறகும் பல நாள் பழையபடி திரும்பவில்லை. பயம் நுழைந்த இடத்திலிருந்து முதலில் வெளியேறுவது விளையாட்டு. சாயங்காலம் அந்த அறையில் கேட்கும் கூச்சல் என் பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் பயமில்லை என்பதற்கு அடையாளம். அதை நான் இழக்க விரும்பவில்லை.

போன மாதம் பெரியவனையும் நடுவிலவனையும் சமையலறைத் தராசு முன் உட்காரவைத்தேன். ஒருவன் தராசின் மேல் விரலை வைக்க வேண்டும், மற்றவன் அந்த விரலை அழுத்த வேண்டும், அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். “உனக்கு எவ்வளவு அழுத்தினானோ அதே அளவு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.” எண் அவர்களுக்குத் தெரியாதபடி ஒரு புத்தகத்தால் மறைத்துவிட்டேன். 200 கிராம் பக்கத்தில் ஆரம்பித்தது, ஏழெட்டு முறைக்குள் ஒரு கிலோவைத் தாண்டியது. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். “நான் அதே அளவுதான் கொடுத்தேன்” என்றான் நடுவிலவன். “நானும்தான்” என்றான் பெரியவன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பெரியவன் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

நேற்று சாயங்காலம் மெத்தைப் பக்கமிருந்து நடுவிலவன் குரல் கேட்டது. “அண்ணா, ஏறுது ஏறுது! முதல்லேர்ந்து!” சத்தம் நின்றது. எழுந்திருக்கலாமா என்று நான் யோசிக்கும்போதே யாரோ தொப்பென்று விழுந்தார்கள். கடைக்குட்டி கெக்கெக்கென்று சிரித்தான்.