ராப் என்னும் சொல்லிசை: சொல்லின் வேரும் கலையின் ஆயுளும்

ராப் என்பது ‘ரிதம் அண்ட் பொயட்ரி’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாளமும் கவிதையும் சேர்ந்தால் ராப். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். இந்த இசை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்தது.

அதன் பழைய பொருள், சட்டென்று ஓர் அடி. கதவில் விரல் முட்டி படும் தட்டல். ஓசையிலிருந்தே பிறந்த சொல் அது, நம்முடைய ‘டக்’, ‘படார்’ மாதிரி. 16ஆம் நூற்றாண்டுவாக்கில் ‘வெடுக்கென்று சொல்லுதல்’ என்ற பொருளும் அதற்கு வந்துவிட்டது. கை செய்த வேலையை நாக்கு எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வழக்கில் பழி, குற்றச்சாட்டு என்ற பொருளும் சேர்ந்தது. ஒருவருடைய குற்றப் பதிவை அங்கே இன்றும் ‘ராப் ஷீட்’ என்றே சொல்கிறார்கள்.

நமக்கு வேண்டிய திருப்பம் 1960களில் நடந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் ராப் என்றால் மனம்விட்டுப் பேசுவது, வாய்ச் சாமர்த்தியத்தால் ஆளைக் கட்டிப்போடுவது. ஹியூபர்ட் ஜெரால்ட் பிரவுன் என்ற உரிமைப் போராளிக்கு ‘எச். ராப் பிரவுன்’ என்று பெயர் வந்ததே அப்படித்தான். தெருமுனையில் இரண்டு பேர் மாறி மாறி எதுகை வைத்து ஒருவரை ஒருவர் வாரும் ‘டஸன்ஸ்’ என்ற விளையாட்டில் அவர் கெட்டிக்காரர். பாட்டுக்குப் பெயராகும் முன்பே ராப் ஒரு பேச்சுத் திறமையின் பெயர். தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கும்போது இந்த ஒன்றை மறந்துவிடக் கூடாது.

இசையாக அது பிறந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடிகிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் கட்டடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறப்பதை ஒட்டி சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். ஒரு பாட்டில் குரல் எல்லாம் ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில நொடிகளைத் தீராமல் நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் ஒலிவாங்கியில் கூட்டத்தை உசுப்பிப் பேசியவருக்குப் பெயர் எம்சி, அதாவது நிகழ்ச்சியை நடத்துபவர். அந்தப் பேச்சு நீண்டு, எதுகை கூடி, கதை சொல்லத் தொடங்கியபோது ராப் ஆனது. ஹிப்ஹாப் என்பது இதைவிடப் பெரிய வட்டம். தட்டு ஓட்டும் டிஜே, ராப் பாடும் எம்சி, ஆட்டம், சுவரோவியம் நான்கும் அதில் அடக்கம். ராப்பையும் ஹிப்ஹாப்பையும் ஒரே பொருளில் எழுதுவது பிழை.

சரி, இந்தக் கலை நிற்குமா? வணிகம் புகுந்து கெடுத்துவிட்டது, முன்பு சுத்தமாக இருந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இது ஆரம்பத்திலிருந்தே வியாபாரம், கலை எங்கே என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் 1979ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு சில்வியா ராபின்சன் என்ற பெண் நடத்திய சுகர்ஹில் ரெகார்ட்ஸ் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’தான் பெரிய அளவில் விற்ற முதல் ராப் இசைத்தட்டு. முழு வடிவம் ஏறத்தாழ 14 நிமிடம். பாடிய மூவரும் பிராங்ஸ் அரங்குகளில் பெயர் வாங்கியவர்கள் இல்லை, தட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரான பிக் பேங்க் ஹாங்க் அதில் பாடிய வரிகள், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்ஸ் எம்சி எழுதியவை. காஸ் தன்னை ‘காசநோவா’ என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொள்ளும் இடத்தைக்கூட மாற்றாமல் ஹாங்க் அப்படியே பாடியிருக்கிறார். எடுத்தவர் குரலில், உரியவர் பெயர் இன்றுவரை ஒலித்துக்கொண்டிருக்கிறது. காஸுக்குப் பாடலாசிரியர் என்ற இடம் கிடைக்கவில்லை. பின்னணித் தாளத்துக்கு மூலமான ‘ஷிக்’ குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்த பிறகு அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. ஆகவே வணிகம் வருவதற்கு முந்தைய சுத்தமான காலம் என்று ராப் இசைத்தட்டுகளுக்கு ஒன்று இருந்ததே இல்லை.

மூன்றே ஆண்டில் அதே நிறுவனத்திலிருந்து ‘தி மெசேஜ்’ வந்தது. உடைந்த கண்ணாடி சிதறிக் கிடக்கும் குடியிருப்பு, கழுத்தை நெரிக்கும் கடன், வேறு போக்கிடம் இல்லாத வாழ்க்கை என்று நகரத்து வறுமையை நேருக்கு நேர் சொன்ன பாட்டு அது. அதைப் பாட கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் குழுவுக்கே மனமில்லை; விருந்தில் ஆட வந்தவர்கள் இதைக் கேட்பார்களா என்று தயங்கினார்கள். விடாமல் தள்ளியவர் முதலாளி சில்வியா ராபின்சன். குழுவிலிருந்து மெல்லி மெல் மட்டும் முன்வந்து, பாட்டை எழுதிய எட் ஃபிளெச்சரோடு சேர்ந்து பாடினார். 2002ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் முதல் பட்டியலைத் தயாரித்தபோது இந்தப் பாட்டு அதில் இருந்தது. ஒரே கைதான் காஸின் வரிகளை விற்றது, இந்தப் பாட்டையும் பெற்றெடுத்தது. வணிகத்தை வில்லனாக மட்டுமே பார்ப்பவர்களுக்கு இந்த வரலாறு இடிக்கும்.

அதற்காக அழுத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1991 இந்தக் கலையை இரண்டு பக்கமும் திருகிய ஆண்டு. அந்த ஆண்டு பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் தரவரிசை, கடைக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு, விற்கும் இடத்திலேயே பதிவாகும் கணக்கை எடுத்துக்கொண்டது. சில வாரங்களில் என்டபிள்யூஏ என்ற ராப் குழுவின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. துப்பாக்கியும் வசவும் எவ்வளவு விற்கும் என்பது நிறுவனங்களுக்கு எண்ணாகத் தெரிந்துவிட்டது. அந்த எண்ணைத் துரத்தி வந்த தட்டுகளில் பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் மலிந்தன. அதைக் கலைச் சுதந்திரம் என்று சொல்லி மூடிமறைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை சொல்லாகவே சோம்பேறித்தனமானவை.

அதே ஆண்டு டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. பழைய பாட்டொன்றின் துணுக்கை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக, ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கியது அந்தத் தீர்ப்பு. அதற்குப் பின் ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதி, அனுமதிக்குக் காசு. 1980களின் கடைசியில் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு செய்ததுபோல ஒரே பாட்டில் துணுக்கின்மேல் துணுக்காக அடுக்குவது கட்டுப்படியாகாத காரியம் ஆனது. சட்டமும் பணமும் சேர்ந்து ஒரு கலையின் ஓசையையே மாற்றிவிட்டன. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க வானொலி நிலையங்கள் சில பெரிய கைகளுக்குப் போயின. ஊருக்கு ஊர் வேறு பாட்டு என்பது குறைந்தது. இப்போது ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால் ஒரு கேட்பு என்று கணக்கு. அந்த 30 வினாடிக்குள் ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் பொறுமையாகக் கதை கட்டுபவனுக்கு எங்கே இடம்?

இவ்வளவுக்கும் பின்னால் எது மிஞ்சுகிறது என்று பார்த்தால், சொல்லைத் தாளத்தில் வைக்கும் முறைதான் மிஞ்சுகிறது என்பது என் முடிவு. தாளத்தை வாங்கலாம், குரலைக் கருவியால் திருத்தலாம், தோற்றத்தை விளம்பரம் செய்யலாம். ஓர் அசை தாளத்தின் தட்டுக்கு முன்னால் விழுவதா, பின்னால் விழுவதா என்பதைப் பாடுபவரே முடிவு செய்ய வேண்டும். ஆரம்ப கால ராப்பில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று முடியும் இடத்தில் வரி முடியும். அங்கேயே இயைபும் விழும். தமிழில் அந்த நடை எப்படி இருக்கும் என்று காட்ட நான் கட்டிய இரண்டு வரிகள்:

இரவு முழுக்க வேலை எனக்கு, தூக்கம் ஏது கண்ணில்
வரவு கொஞ்சம், செலவு மிஞ்சும், வாழ்வு ஓடும் மண்ணில்

கண்ணில், மண்ணில் என்று கடைசித் தட்டில் கதவு சாத்திக்கொள்கிறது. அடுத்த வரி எங்கே முடியும் என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்துவிடும். 1987இல் எரிக் பி என்ற டிஜேயுடன் தன் முதல் தொகுப்பைத் தந்த ராக்கிம் இதை உடைத்தார். அவர் சாக்ஸஃபோன் வாசித்துப் பழகியவர், ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை ஊன்றிக் கேட்டவர். வாத்தியக்காரன் சுற்றைத் தாண்டி மூச்சை நீட்டுவதுபோல வாக்கியத்தை நீட்டினார். எதுகையை வரியின் நடுவில் இறைத்தார். அதே விஷயம் அந்த முறையில் இப்படி வரும்:

இரவு முழுக்க உழைச்ச வரவு கொஞ்சம், நெஞ்சம்
அஞ்சும் அளவு செலவு மிஞ்சும், நிலவு மட்டும்
கெஞ்சும் என்னைத் தூங்கு தூங்கு என்று

இரவு, வரவு ஒரு சரடு. அளவு, செலவு, நிலவு அதிலிருந்து பிரியும் இன்னொன்று. கொஞ்சம், நெஞ்சம், அஞ்சும், மிஞ்சும், கெஞ்சும் மூன்றாவது. மூன்றும் ஊடுபாவாகப் போகின்றன. முதல் வரி ‘நெஞ்சம்’ என்று தொங்க, பொருள் அடுத்த வரிக்குத் தாவித்தான் முடிகிறது. வாய்விட்டு மெதுவாகத் தட்டிச் சொல்லிப் பாருங்கள். வேகம் ராப்பின் உயிர் இல்லை என்பதும் தெரியும்.

இந்த வகை வேலைப்பாடு சந்தையில் உடனே வெல்லும் என்று உத்தரவாதம் இல்லை. நாஸ் தன் 20ஆம் வயதில், 1994இல் வெளியிட்ட ‘இல்மாட்டிக்’ 40 நிமிடத்துக்குள் முடியும் தொகுப்பு. அமெரிக்காவில் 10 லட்சம் பிரதி என்ற சான்று அதற்குக் கிடைத்தது 2001இல்தான். ஆனால் அதன் அடுக்கெதுகைகளை இன்றும் ராப் பழகும் பிள்ளைகள் வரி வரியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அதுவும் நாடாளுமன்ற நூலகப் பட்டியலில் ஏறிவிட்டது. மறுபக்கம், கென்ட்ரிக் லாமரின் ‘டேம்’ 2017இல் விற்பனையிலும் உச்சத்தில் இருந்தது, 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசையும் பெற்றது. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் முறை. மெதுவாக விற்றதும் நின்றது, வேகமாக விற்றதும் நிற்கும் போலிருக்கிறது.

எனக்குப் பரிசைவிடப் பெரிய சான்று இந்தக் கலை மொழி கடந்து போன விதம். துனிசியாவில் எல் ஜெனரல் என்ற இளைஞர் 2010 கடைசியில் அதிபரை நோக்கி அரபியில் ஒரு ராப் பாடி இணையத்தில் போட்டார். 2011 ஜனவரியில் போலீஸ் அவரைப் பிடித்துப்போனது. அதே மாதம் அதிபர் நாட்டை விட்டே ஓடினார். பாட்டால்தான் ஆட்சி போனது என்று சொல்வது மிகை. ஆனால் பிராங்ஸில் ஆட்டத்துக்காகக் கண்டுபிடித்த ஒரு வடிவம், இன்னொரு மொழியில் இன்னொரு மக்களின் கோபத்தைத் தாங்கியது.

தமிழிலும் அப்படித்தான் காலூன்றியது. 1994இல் ‘பேட்டை ராப்’ திரைப்பாட்டாக வந்தபோது அந்தச் சொல் எல்லோர் வாயிலும் புகுந்தது. 2006இல் மலேசியாவின் யோகி பி குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பில் முழுத் தமிழ் ராப்பைக் கொண்டுவந்தார்கள். எழுத்தில் ‘ராப்’ என்றே எழுதுவது நல்லது. ‘ரேப்’ என்று எழுதினால் ஒரு கொடுஞ்செயலின் பெயரோடு மயங்கும். இலக்கணப்படி ரகரம் சொல்முதலில் வராது என்று ‘இராப்’ ஆக்கினால் இராப்பகல், இராப்பாடி என்று இரவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

தமிழ்ச் சொல்லாக இன்று வழக்கில் ஊன்றியிருப்பது ‘சொல்லிசை’. நாளிதழ்களும் கலைஞர்களும் எடுத்துக்கொண்ட சொல். இலக்கணம் படித்தவர்களுக்குச் சொல்லிசை அளபெடை நினைவுக்கு வரலாம். குறளில் ‘நசைஇ’ என்று வருவது அது. இடம் வேறு என்பதால் குழப்பம் வராது. ‘வேகப்பாட்டு’ என்பது தவறான பெயர். ‘சந்தப்பேச்சு’ நெருங்கி வருகிறது, ஆனால் தாளக்கருவியின் பங்கை விட்டுவிடுகிறது. சொல்லிசையில் சொல் முதலில் நிற்கிறது, இசை அதைத் தாங்குகிறது. மூலச்சொல் பேச்சிலிருந்து பாட்டுக்கு வந்த வரிசையும் அதுவே.

துணைச் சொற்களுக்கு நாம் வெளியே போகவே வேண்டாம். நின்ற இடத்தில் கட்டிப் பாடும் ஃப்ரீஸ்டைலுக்கு ஆசுகவி, எதிராளியைத் தாக்கும் டிஸ்ஸுக்கு வசைகவி, ஹூக்குக்குப் பல்லவி, ஃப்ளோவுக்குச் சொல்லோட்டம். வரிக்கடைசி ஒன்றுவதற்கு இயைபு, உள்ளே ஒன்றுவதற்கு எதுகை, மோனை என்று தமிழ் யாப்பு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் காளமேகமும் அருணகிரியாரும் அன்றே ராப் பாடினார்கள் என்று பெருமை பேசுவது இரு பக்கத்துக்கும் நியாயமில்லை. திருப்புகழின் சந்தம் தனிக் கலை. இதன் பிறப்புரிமை பிராங்ஸின் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளுக்கு உரியது. சொல்லை நாம் தருகிறோம், அவ்வளவுதான்.

பயன்படுத்தும்போது ஒன்று: ‘சொல்லிசைப் பாடகர்’ என்று செய்திகளில் வருகிறது. எழுதுபவரும் சொல்பவரும் ஒருவரே என்பது இந்தக் கலையின் மரபு. பிறர் எழுதியதைப் பாடினால் அங்கே அது குறையாகவே எண்ணப்படுகிறது. அதனால் ‘சொல்லிசைக் கலைஞர்’ பொருத்தம். சுருக்கமாக வேண்டுமென்றால் ‘சொல்லிசைஞர்’ என்று எழுதலாம்.