கலபசீத்தாஸ்: பரங்கிப் பிஞ்சு வதக்கல்

மெக்சிகோ சமையலில் கோடைக்காய்களை வைத்துச் செய்யும் எளிய கறி ஒன்றுக்குக் ‘கலபசீத்தாஸ்’ என்று பெயர். இளம் பரங்கி, பச்சை மக்காச்சோளம், தக்காளி, வெங்காயம், பூண்டு, மிளகாய், அவ்வளவுதான். வேலூர் உழவர் சந்தையில் கிடைக்காத பொருள் இதில் எதுவும் இல்லை. பெயர்தான் வாயில் நுழையாது.

ஸ்பானிய மொழியில் ‘கலபாசா’ என்றால் பரங்கி. அதன் வேர் அரபியா, இல்லை அதற்கும் முந்தைய ஏதோ ஒரு மொழியா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ‘ஈத்தா’ என்பது சிறுமை காட்டும் விகுதி, ‘ஸ்’ பன்மை. ஆக, ‘குட்டிப் பரங்கிகள்’. காயின் பெயரே கறிக்கும் ஆகிவிட்டது. இத்தாலியரின் ‘சுக்கினி’யும் ‘சுக்கா’ என்ற பரங்கிப் பெயரிலிருந்து இப்படிப் பிறந்ததுதான்.

தமிழில் இதற்கு விகுதி தேட வேண்டாம். இளங்காய்க்கென்றே நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை, கத்தரிக்கும் வெள்ளரிக்கும் பிஞ்சு. கோடையில் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி விற்கும் வெள்ளரிப் பிஞ்சை யாரும் ‘சின்ன வெள்ளரி’ என்று கேட்டு வாங்குவதில்லை. பிஞ்சு என்றாலே நகம் பட்டால் தோல் கீறும், விதை முற்றியிருக்காது என்பதும் அதில் அடக்கம். கலபசீத்தாஸுக்கு வேண்டிய பக்குவமும் அதேதான்.

சிலர் ‘பூசணிப் பிஞ்சு’ என்கிறார்கள். அது குழப்பும். பூசணி என்றால் நம் பக்கம் பலருக்குக் கல்யாணப் பூசணிதான் நினைவுக்கு வரும். அது ஆசியக் காய். மெக்சிகோவின் காய் பரங்கி இனம். பரங்கியர் வழியாக வந்தது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் ‘பரங்கி’தான் இங்கே சரி.

அடுத்து, பொரியலா கூட்டா? பருப்பு இல்லை, அதனால் கூட்டு ஆகாது. கடுகு, தேங்காய்ப்பூ இல்லாததைப் பொரியல் என்று சொல்லவும் நம் வீட்டில் மனம் வராது. எண்ணெயில் வதங்குவதே இதன் உயிர். ஆகவே ‘பரங்கிப் பிஞ்சு வதக்கல்’ என்பதே என் முடிவு.

பஜ்ஜி மிளகாயை நேரடித் தணலில் தோல் கருகும்வரை சுட்டு, மூடி வைத்து, உரித்துக் கீறிக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் சோளமணி, அப்புறம் தக்காளி, மிளகாய், கடைசியில் பிஞ்சுத் துண்டுகள். உப்பை இறக்கும்போதுதான் போட வேண்டும். முன்பே போட்டால் பிஞ்சு நீர்விட்டுக் குழைந்துவிடும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பெருமை. அதைச் சேர்த்தாலும் ருசிக்கும், ஆனால் அப்போது அது வேறு கறி.

மெக்சிகோவில் பெரும்பாலும் மேலே பாலாடைக்கட்டி உதிர்ப்பார்கள். பாலும் தவிர்க்கும் ‘வீகன்’ முறைக்குத் தமிழில் ‘நனிசைவம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. நனிசைவமாகச் செய்ய, வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைத் தூவி எலுமிச்சை பிழியலாம். வட ஆற்காட்டின் மானாவாரிக் கடலை இதற்கு அருமை. மெக்சிகோவின் நாவட்டில் மொழியிலும் அதன் பெயர் நிலத்தைத் தொட்டதுதான்: ‘த்லால்ககவாத்ல்’, அதாவது நிலக் கொக்கோ. நாம் நிலக்கடலை என்கிறோம்.