கத்தியைக் கழுவியவன் சொல்லும் கதை

"நான் கத்தியைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பிறகு நாய்க்குச் சோறு வைத்தேன்."

இந்த இரண்டு வரிகளையும் இந்தக் கட்டுரைக்காகவே எழுதினேன். இவற்றில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை. இதைச் சொல்பவனுக்கு வயது 16 என்றும், அவன் தம்பியை முந்தின நாளிலிருந்து காணவில்லை என்றும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனத்தில் இப்போது ஒரு கொலை நடந்திருக்கும். அதை நான் எழுதவில்லை. கத்தியைக் கழுவியதோடு என் வேலை முடிந்தது. மீதியைச் செய்தது நீங்கள்.

சூசன் ஹாவிலண்ட், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் இதை ஒரு சாதுவான உதாரணத்தால் காட்டினார்கள். 'காரிலிருந்து பீரை எடுத்தோம். பீர் சூடாக இருந்தது' என்பதை மக்கள் சட்டென்று படித்துவிடுகிறார்கள். முதல் வாக்கியத்தில் பீருக்குப் பதிலாகச் 'சிற்றுலாவுக்கான பொருட்கள்' என்று மாற்றினால், இரண்டாவது வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்தப் பொருட்களுக்குள் பீரும் இருந்தது என்ற பாலத்தை மூளை கட்டியாக வேண்டும். வாசிப்பு முழுக்க இப்படிப்பட்ட பாலங்கள்தான். கொலைகாரனே கதை சொல்லும் நாவலில் எழுத்தாளர் இரண்டு கரைகளை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். வெட்டுக் காயங்களைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் நாவலைவிட, நாய்க்குச் சோறு வைக்கும் நாவல் அதிகமாக வயிற்றைப் பிசைவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது, 'நான்'. தமிழில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் ஆள் போவதில்லை. 'கழுவினேன்' என்பதன் வாலில் அவன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். மனத்துக்குள் 'கழுவினேன்' என்று படிக்கும்போது அதைச் சொல்லும் குரல் நம்முடையது. அதனால் நாம் அவனாகவே மாறிவிடுகிறோமா? நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உளவியலாளர் டாட் புருன்யேயும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஒரு சோதனை அந்த நினைப்பைக் கலைத்தது. 'நான் தக்காளியை நறுக்குகிறேன்' என்பது போன்ற வாக்கியத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, உடனே ஒரு படத்தைக் காட்டினார்கள். சில படங்களில் நறுக்கும் கைகள் நம் கைகளைப் போலவே நம் பக்கத்திலிருந்து நீளும். சிலவற்றில் எதிரே நிற்பவரின் கைகளாகத் தெரியும். வாக்கியமும் படமும் பொருந்துகின்றனவா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். தன்மையிலோ முன்னிலையிலோ இருந்த வாக்கியத்துக்குப் பிறகு, நம் பக்கத்துக் கைகளுக்கு விரைவாகப் பதில் வந்தது. படர்க்கைக்கு எதிர்ப்பக்கத்துக் கைகள். இதுவரை எதிர்பார்த்ததுதான். பிறகு வாக்கியத்துக்கு முன்னால் ஒரு சிறு அறிமுகத்தைச் சேர்த்தார்கள்: எனக்கு 30 வயது, நான் ஓர் உணவுக்கடையில் வேலை பார்க்கிறேன். அவ்வளவுதான், 'நான்' எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. வயதும் வேலையும் தெரிந்ததும் அது வேறொரு ஆள், எதிரே நிற்பவன். 'நீ' மட்டும் உள்ளேயே இருந்தது.

தக்காளியிலிருந்து கொலைக்குத் தாவுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனாலும் இவ்வகை நாவல்களில் நமக்கு ஏற்படும் அந்தக் கூச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. 'பசித்தது', 'தூக்கம் வரவில்லை', 'அப்பா இன்றும் என்னிடம் பேசவில்லை' என்ற வரிகளில் அந்தப் பையனுக்குள் இருக்கிறோம். 'முயலைப் பிடித்துக் கண்ணைத் தைத்தேன்' என்றதும் வெளியே தள்ளப்படுகிறோம். அடுத்த பத்தியில் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்; மறுபடி உள்ளே. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு என்று சொன்னபோது அச்சத்தையும், அருவருப்பாகிய இளிவரலையும் தனித்தனியாக வைத்தார். அவன் பக்கம் நிற்கையில் அவனுக்காக அச்சம், எதிரே நிற்கையில் அவன்மேல் இளிவரல்.

தத்துவவாதிகளை இதில் வேறொரு புதிர் பிடித்திருக்கிறது. டிராகன் பறந்தது என்றால் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் கெண்டல் வால்டன் தந்த உதாரணத்தைப் பாருங்கள்: 'குழந்தையைக் கொன்றதில் ஜிசெல்டா செய்தது சரியே, அது பெண் குழந்தைதானே.' அந்தக் கதையுலகத்தில்கூட அது சரி என்று ஏற்க மனம் மறுக்கிறது. 1757-லேயே டேவிட் ஹியூம் இந்த மறுப்பைத் தொட்டுச் சென்றார். 2000-இல் டாமர் கெண்ட்லர் இதை விரிவாக ஆராய்ந்தார். தன்மையில் எழுதுவது இந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழி. 'சரியே' என்று சொல்வது கதையுலகம் இல்லை, அந்தப் பையன். அவன் அப்படி நினைக்கிறான் என்பதை ஏற்பதில் நமக்குச் சிரமம் இல்லை. முந்நூறு பக்கம் அவனுடைய கணக்கிலேயே கூட்டிக் கழித்துப் பழகியபின், ஏதோ ஓரிடத்தில் 'வேறென்னதான் செய்திருப்பான்' என்று நமக்கே தோன்றிவிடுகிறது. அவன் வயது இதற்கு ஒத்தாசை. மூளையின் முன்நெற்றிப் பகுதி முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிறது என்று அறியாதவர்களும், பையன்தானே என்று தள்ளுபடி கொடுத்துவிடுவார்கள்.

உளவியலாளர்கள் மெலனி கிரீனும் டிமதி பிராக்கும் 2000-இல் செய்த ஆய்வு இந்தத் தள்ளுபடியை எண்ணிக் காட்டுகிறது. வணிக வளாகத்தில் ஒரு சிறுமி கொல்லப்படும் கதையைக் கொடுத்து, பொய்யாக ஒலிக்கும் இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள் போட்ட வட்டங்கள் குறைவு. கதை சொல்பவன் பொய்யனாக இருக்கும்போது இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு அவஸ்தையை ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம்? உளவியலாளர் பால் ரோஸின் இதைத் தீங்கற்ற சுயவதை என்பார். மிளகாய்க் காரத்தைப் போல, உடல் ஆபத்து என்று கத்த, மனம் ஆபத்தில்லை என்று அறிந்து ரசிப்பது. இந்த விளக்கம் சரிதான், ஆனால் எனக்குப் போதவில்லை. காரம் நாக்கோடு போய்விடும். அந்தப் பையனின் தர்க்கம் மறுநாள் பல் தேய்க்கும்போதும் கூடவே வரும்.

எல்லாருக்கும் அது தீங்கற்றதாகவே இருந்துவிடுவதில்லை என்று நினைத்தவர்களில் ஸ்டீபன் கிங்கும் ஒருவர். ஆசிரியரைச் சுட்டுவிட்டு வகுப்பைப் பிணையாகப் பிடித்துவைக்கும் மாணவன் தானே கதை சொல்லும் 'ரேஜ்' நாவலை, 1977-இல் ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் அவர் வெளியிட்டார். அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கி எடுத்த சில மாணவர்கள் அதைப் படித்திருந்தது தெரியவந்ததும், அதன் விற்பனையை அவரே நிறுத்தினார். நாவல் அவர்களைக் கொலைகாரர்களாக்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே உடைந்திருந்தவர்கள் என்பது 2013-இல் அவர் எழுதிய விளக்கம்; ஆனால் எரிகிற தீயில் அது எண்ணெய் ஆகக்கூடும் என்றும் அஞ்சினார். முயல் வரியில் வெளியே தள்ளப்படாத வாசகர்களை நினைத்தே அவர் அஞ்சியிருப்பார் என்று ஊகிக்கிறேன்.

என்னுடைய இரண்டு வரிகளுக்குக் கீழே நேற்றிரவு மூன்றாவதாக ஒன்றை எழுதிப் பார்த்தேன்: "நாய் சோற்றைத் தொடவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தது." அதுவரை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், சட்டென்று தரையில், நாயின் உயரத்தில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால், அவன் சட்டைக் கையில் ஒரு துளி கழுவாமல் இருந்தது. அதையும் நான் எழுதவில்லை.