மீன் யாருடைய இடத்தை ஆக்கிரமித்தது?

'புயலுக்குப் பிந்தைய ஆக்கிரமிப்பு வளர்ப்பு மீன் கட்டுப்பாடு' என்று ஒரு மொழிபெயர்ப்பு அறிக்கையின் தலைப்பு. புறம்போக்கில் குடிசை போட்ட மீனைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

'ஆக்கிரமிப்பு' என்பதன் ஆங்கில மூலச்சொல் 'இன்வேசிவ்' (invasive). இலத்தீனில் 'உள்ளே போ' என்பது அதன் வேர். 'ஆக்கிரமி' வடமொழி, காலடி எடுத்து வைத்து மேலேறுவது. சரி, வேரளவில் இரண்டும் பங்காளிகள்தான். ஆனால் தமிழில் ஆக்கிரமிப்பு என்றாலே அடுத்தவர் இடம், தெரிந்தே செய்த அத்துமீறல். மீனுக்கு ஏது பட்டா?

அதைவிடப் பெரிய கோளாறு பொருளில். கடலில் மீன் வளர்க்கும் வலைக்கூண்டு கிழிந்து வெளியேறும் மீனெல்லாம் இன்வேசிவ் ஆகிவிடாது. 2020 சனவரியில் குளோரியா புயல் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் பண்ணைக் கூண்டுகளை உடைத்தது. வெளியேறிய பிரீம், சீபாஸ் என்ற பண்ணை மீன்கள் மத்தியதரைக் கடலின் சொந்தப் பிள்ளைகள். அவை வெறும் 'கூண்டு தப்பிய மீன்'. வேற்றுக்கடல் மீன் தப்பினால் 'அயல்மீன்'. அது பெருகி, உள்ளூர் உயிர்களை நெருக்கித் தள்ளினால்தான் இன்வேசிவ். அட்லாண்டிக்கில் பரவிய சிங்கமீன் அப்படிப்பட்டது. (அது அங்கே வந்து சேர்ந்த பழியை, மீன்தொட்டியை உடைத்ததாக, 1992 ஆண்ட்ரூ புயல் மேல் போட்டார்கள். 1985-லேயே அது புளோரிடாவில் கண்ணில் பட்டாயிற்று.)

'வந்தேறி' என்று எழுதுகிற தூயதமிழ் அன்பர்களும் உண்டு. மனிதரை ஏசப் பயன்படும் சொல்லை மீன் தலையில் கட்டுவானேன்? வந்து தங்கியதைத்தான் அது சொல்கிறது, பெருகி நெருக்குவதை அல்ல. 'ஊடுருவி'யும் ஒட்டாது. புயல் தூக்கி எறிந்த மீன் எங்கே பதுங்கி நுழைந்தது?

நம்மிடம் 'அடர்' இருக்கிறது. நெருங்கிப் பெருகுவதும் அதுதான், நெருக்கி ஒடுக்குவதும் அதுதான். இராவணனைச் சிவன் விரலால் அடர்த்ததாகத் தேவாரம் பாடுகிறது. 'அடர் அயலினம்' என்றால் இரண்டு பொருளும் கிடைக்கும்.

அப்புறம் அந்தக் 'கட்டுப்பாடு'. மீன் என்ன, விரதமா இருக்கிறது? 'கட்டுப்படுத்தல்' என்று எழுதலாமே. தப்பிய மீன்களில் பல, தீனிப் பழக்கத்தில் சில நாள் கூண்டருகேயே சுற்றும். அதற்குள் வலை போட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும். இதற்கு அதே அறிக்கை வைத்த பெயர் 'மீன் மீட்புப் பணி'. பிடிபட்ட மீன் போவது ஐஸ் பெட்டிக்கு.