“அந்தக் ‘கே’ எதற்கு, மிஸ்?”

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். கையில் ஒரு ரஃப் நோட்டு. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லை முதலெழுத்தான ‘கே’ இல்லாமல் எழுதிவிட்டாளாம். அதற்கு ஐம்பது முறை இம்போசிஷன். முப்பதாவது வரிக்குக் கீழே ‘கே’ மறுபடியும் காணாமல் போயிருந்தது. “எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை” என்றார் அம்மா. சிறுமி மெல்லக் கேட்டாள்: “அந்தக் ‘கே’ எதற்கு, மிஸ்?”

வாசிக்கத் திணறும் குழந்தைகளோடு வேலை செய்பவள் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஐம்பது முறை எழுதவைப்பது வீண் என்பது என் அனுபவம். காதில் விழுந்ததை அப்படியே எழுதிய குழந்தை, ஒலியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். ‘அ-ம்-மா’ என்று எழுத்துக்கூட்டிப் பழகியவளுக்கு, எழுதியும் வாசிக்காமல் விடும் எழுத்து விளங்காதது இயல்புதானே?

அவளுக்கு நான் சொன்ன பதில் இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்த ஒலியை வாய்விட்டே சொன்னார்கள்; கத்தி அப்போது ‘க்னீஃப்’. அவள் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். முழங்காலுக்கான ‘நீ’ என்ற சொல்லிலும் அதே கதைதான். ஜெர்மானியர்கள் இன்றும் அதை ‘க்னீ’ என்றே சொல்கிறார்கள். இரவைக் குறிக்கும் ‘நைட்’டின் நடுவே மௌனமாக நிற்கும் ‘ஜி’யும் ‘எச்’சும் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி வந்த ஒலி. ‘எஃகு’ என்று மெதுவாகச் சொல்லச் சொன்னேன். ஏறக்குறைய அந்த உரசல்தான்.

பேச்சு மாறியபோது எழுத்து ஏன் கூடவே மாறவில்லை? 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சேறிய எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகியது. மக்களின் உச்சரிப்போ மாறிக்கொண்டே இருந்தது. எதை அச்சிடுவது என்பதில் அவருக்கே குழப்பம் இருந்தது. 1490இல் அவர் எழுதிய முன்னுரை ஒன்றில் வரும் சம்பவத்தைக் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வணிகர் ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்கிறார். அந்த வீட்டுப் பெண்மணி, “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்கிறார். வணிகருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! அந்தப் பகுதியில் முட்டைக்குப் பெயர் ‘எய்ரன்’.

கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் உள்ள ‘பி’ வேறு வகை. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘பி’ இல்லவே இல்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்டப் படித்தவர்கள் பிற்பாடு செருகியது அது. ஆக, ‘டெப்ட்’ என்று வாசிக்கும் பிள்ளையின் தலையில் குட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழிலும் எழுத்துக்கூட்ட முடியாமல் பிள்ளை மாதக்கணக்கில் தவித்தால், கதையோடு நிறுத்திவிடாமல் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உரியவரிடம் சோதித்துப் பாருங்கள். இந்தச் சிறுமிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த வாரம் அவளே ஒரு சொல்லோடு வந்தாள். “இரண்டுக்கான ‘டூ’வில் ‘டபிள்யூ’ இருக்கிறதே, அதையும் முன்பு சொன்னார்களா?” சொன்னார்கள் என்றேன். பன்னிரண்டு, இருபது, இரட்டையர் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டேன். “ட்வெல்வ், ட்வென்ட்டி, ட்வின்…” என்று சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்திவிட்டு, நோட்டில் மூன்று ‘டபிள்யூ’க்களையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள்.