ஒலிச்சிதறலா, ஒலிப்பரவலா?

நண்பர் ஒருவர் புதிதாகக் கார் வாங்கினார். அதனுடன் வந்த கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரி: "கேபினுக்குள் ஒலிச்சிதறல் மேம்படுத்தப்பட்டுள்ளது." இத்தனை பணம் கொடுத்து வாங்கிய காரில் பாட்டு சிதறுகிறதா என்று பதறிப்போய் என்னிடம் கேட்டார். இதே 'சிதறலை' முன்பு ஒரு துண்டறிக்கையிலும் ஒரு கடையின் விளம்பரப் பலகையிலும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது முறை பொறுக்கவில்லை.

ஆங்கில மூலச் சொல் டிஸ்பர்ஷன். இலத்தீனில் 'டிஸ்' என்றால் தனித்தனியே. 'ஸ்பார்கரே' என்றால் தூவுதல், இறைத்தல். வேர்க்கதை அவ்வளவுதான். ஒலிபெருக்கித் தொழிலில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு: நேர் எதிரே கேட்கும் ஒலி, பக்கவாட்டில் விலகி உட்கார்ந்திருப்பவருக்கும் எவ்வளவு குறையாமல் போய்ச் சேருகிறது என்பது.

வீட்டில் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். காரில் கதவுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி நம் முழங்காலைப் பார்த்துப் பாடுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அது வளைந்து எங்கும் போய்விடும். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான். கதவு ஒலிபெருக்கியின் 16 சென்டிமீட்டர்க் கூம்பு இந்தக் குட்டை அலைகளை டார்ச் வெளிச்சம்போல் முன்னோக்கியே வீசும். ஆகவே உச்ச ஒலிகளுக்கென ட்வீட்டர் என்னும் சிறு ஒலிபெருக்கியைத் தனியே, முன்கண்ணாடித் தூணருகே வைக்கிறார்கள். வாய் சிறிதானால் ஒலி அகன்று விரியும். ஆடி ஏ8 காரில் முகப்புப் பலகையிலிருந்து எழுந்துவரும் பாங் அண்ட் ஓலுஃப்சென் நிறுவனத்து ஒலிவில்லைகளின் வேலையும் உச்ச ஒலியைப் பக்கவாட்டில் விரிப்பதே.

இதில் சிதறுவது எது? சிதறுதேங்காய் உடைத்திருக்கிறோம். சில்லுகள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போகும் என்று உடைத்தவருக்கே தெரியாது. பொறியாளர் கோணம் பார்த்து, அளந்து, ஒலியைக் கொண்டுசேர்ப்பதற்கா இந்தப் பெயர்? மேலும், சிதறல் என்ற சொல் இயற்பியலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. வானம் நீலமாகத் தெரிவது ஒளிச்சிதறலால். கரடுமுரடான பரப்பில் மோதிய ஒலி பல திசைகளில் தெறிப்பதும் சிதறலே. அந்தச் சொல்லை இங்கே கடத்திவந்தால் அங்கே எதை வைப்பது?

எங்கிருந்து இதை எடுத்தார்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பள்ளிப் புள்ளியியலில் 'சிதறல் அளவைகள்' என்று ஒரு பாடம் உண்டு. அங்கே டிஸ்பர்ஷனுக்குச் சிதறல் சரியான சொல்; மதிப்புகள் சராசரியைவிட்டு எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்பதை அது சொல்கிறது. அந்தப் பொருளில் கையேட்டு வரியைப் படித்துப் பாருங்கள். ஓர் இருக்கைக்கும் மறு இருக்கைக்கும் ஒலியில் வேறுபாடு கூடக்கூடச் சிதறலும் கூடும். குறைக்க வேண்டியதை 'மேம்படுத்திவிட்டோம்' என்று கையேடு பெருமைப்படுகிறது!

இலத்தீன் வேரே தூவுதல்தானே என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் முப்பட்டகத்தில் ஒளி பிரிவதையும் சிதறல் என்றே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கும் டிஸ்பர்ஷன்தான் பெயர். ஆனால் நம் பாடநூலார் நிறப்பிரிகை என்று அழகாக எழுதினார்கள். அவர்கள் நிகழ்வைப் பார்த்துப் பெயரிட்டார்கள். இப்போதைய மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் தென்பட்ட சொல்லைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடுகிறார். அந்தக் காரில் ஒருமுறை உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

என் தேர்வு ஒலிப்பரவல். பர என்னும் வேரிலிருந்து பரவு, பரப்பு, பரம்பு எல்லாம் வருகின்றன. உழுத வயலைச் சமப்படுத்தும் பலகைக்கும் பரம்பு என்றே பெயர். மேடும் பள்ளமும் இல்லாமல் நிரவுவது என்ற சாயல் அந்தக் குடும்பத்திலேயே இருப்பதை நான் பெரிய ஆதாயமாக நினைக்கிறேன். பரவல் என்றால் நோய்தானே நினைவுக்கு வருகிறது என்கிறார் நண்பர். 2020க்குப் பிறகு அந்த நாற்றம் ஒட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் மணமும் பரவும், புகழும் பரவும். நோய்க்குப் பயந்து சொல்லைக் கைவிட முடியாது. தவிர, 'பரவல் கோணம்' என்று தொழில்நுட்பக்காரர் இயல்பாக நீட்டிக்கொள்ளலாம். 'சிதறல் கோணம்' என்றால் வேறு ஏதோ சோதனைக்கூடச் சங்கதிபோல் இருக்கிறது.

'சமச்சீர் ஒலி' என்று இன்னொரு துண்டறிக்கை எழுதுகிறது. சமச்சீர் என்றால் இடமும் வலமும் ஒத்திருப்பது. ஓட்டுநர் வலப்பக்கக் கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் வண்டியில் அது எப்படி வாய்க்கும்? வலப்பக்க ஒலி அவர் காதுக்கு முந்திக்கொண்டு வரும். ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நகர்வதால், இடப்பக்கத்தைப் பிடிக்க வலப்பக்கத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். சமச்சீர் இல்லாததால்தான் இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது.

நண்பரின் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "எல்லா இருக்கைகளுக்கும் ஒலி சீராகப் பரவும்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே 'காற்றுப்பை' என்பதற்குப் பதிலாக 'வான்பை' என்று இருந்தது.